ஒரு கிளை கொடுங்களேன்!

போன வருஷம் ஒரு நாள் மாலை. என் பெண்ணுக்கு இருமல். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "வரும் வழியில் கொஞ்சம் கற்பூரவல்லி வாங்கி வாருங்கள்" என்று சொல்லி வைத்தேன். அவரும் மறக்காமல் வாங்கி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம்!

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கற்பூரவல்லி என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த வாழைப்பழம்தான். "இருமலுக்கு வாழைப்பழமா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கிவிட்டேன்" என்றார். கல்யாணமான பத்து வருஷத்தில் என் பேச்சை அவர் மறு கேள்வி கேட்காமல் ஏற்றது அந்த ஒரு நாள்தான்.

உள்ளே இருந்து என் மாமியார் சிரித்துக்கொண்டே வந்தார். "கற்பூரவல்லி கடையில வாங்கற சாமானாடா? நாலு வீட்டுல போய்க் கேளு. யாராவது ஒரு கிளை ஒடிச்சுக் கொடுப்பாங்க" என்றார்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையே அந்த ஒரு கிளையைப் பற்றித்தான். ஓமவல்லி என்றும் இதற்குப் பெயர் உண்டு. உங்களில் பலர் வீட்டில் இந்தச் செடி இருக்கும். "இருந்தது, போய்விட்டது" என்று சொல்கிறவர்களும் அதே அளவுக்கு இருப்பீர்கள். நான் அந்த இரண்டாவது கட்சி. இரண்டு செடிகளைக் கொன்ற பிறகுதான் மூன்றாவது எனக்கு வசப்பட்டது. ஆகவே எப்படி வளர்ப்பது என்பதைவிட எப்படியெல்லாம் சாகடிக்கலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்தை வீணாக்குவானேன்?

முதலில் செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயரில் வல்லி என்று இருந்தாலும் இது கொடி அல்ல. கற்பூரம் என்று இருந்தாலும் வாசனை ஓமத்தின் வாசனை. ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற சத்தும், அதன் நெருங்கிய உறவான கார்வக்ரால் என்பதும்தான் இந்த இலையின் மணத்துக்கு முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், ஓமம் கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூரவல்லியோ துளசி, புதினா, திருநீற்றுப் பச்சிலை, தும்பை ஆகியவற்றின் குடும்பம். இளந்தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரும் புதிருமாக இரண்டிரண்டாக நிற்கும். துளசியிலும் புதினாவிலும் இதையே பார்க்கலாம். மேல்நாட்டுக் கொல்லைகளில் பாட்டிமார்கள் இருமலுக்காக வளர்த்து வந்த ஈசோப்புச் செடிகூட இந்தக் குடும்பம்தான். ஆனால் அது குளிரும் வறண்ட மண்ணும் பழகிய செடி. நம் சென்னைப் புழுக்கத்தில் அதை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, அதே வேலைக்கு நம்மிடம் இருக்கும் கற்பூரவல்லியே மேல்.

நம்முடையது என்று சொல்லிவிட்டேனே தவிர, இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தெற்கும் கிழக்கும் என்கிறார்கள் தாவர நூலோர். 1790-ல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் லூரேரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார். இந்தோனேசியாவில் இருக்கும் அம்போன் தீவின் பெயரை வைத்து 'கோலியஸ் அம்பாய்னிகஸ்' என்றார். பின்னால் வந்தவர்கள் அதைப் 'பிளெக்ட்ராந்தஸ்' என்று மாற்றினார்கள். 2019-ல் மறுபடியும் கோலியஸ் என்றே திரும்பிவிட்டது. கரீபியன் தீவுகளில் இதைக் கறிகளுக்கு வாசனை இலையாகப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதைக் கியூபா நாட்டு ஓரிகானோ என்றுகூடச் சொல்வதுண்டு. மலையாளத்தில் பனிக்கூர்க்கா, கன்னடத்தில் தொட்டபத்ரெ. இத்தனை ஊர் சுற்றிய செடி, இரண்டாம் மாடி பால்கனிக்கு வந்தால் மட்டும் செத்துப்போவானேன்?

விஷயம் இதுதான். நம் ஊரில் இது பூப்பது அபூர்வம். விதையை நம்பி யாரும் இதை வளர்ப்பதில்லை. ஒரு கிளையை ஒடித்து நட்டால் அது செடி. அந்தச் செடியில் ஒரு கிளை ஒடித்தால் அடுத்த வீட்டில் ஒரு செடி. என் மாமியார் மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு வந்தபோது ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்த கிளை, அவர் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் இருந்த செடியின் கிளை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். வீடும் கைமாறிவிட்டது. ஆனால் அந்தக் கிணற்றடிச் செடியின் துண்டுதான் இன்றைக்கு மாம்பலத்தில் எங்கள் பால்கனியில் நிற்கிறது. அதன் குழந்தை என்றுகூடச் சொல்ல முடியாது, அதே செடிதான்.

அந்தச் செடியைத்தான் நான் கொன்றேன்.

மாமியார் இரண்டு மாதம் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது, "செடியைப் பார்த்துக்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நானும் பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு தண்ணீர். பழைய மண் தொட்டி பார்வையாக இல்லை என்று அழகான பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. தரை அழுக்காகாமல் இருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட. பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாயின. "ஐயோ, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று இன்னொரு செம்பு சேர்த்தேன். தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று ஆயிற்று. ஒரு நாள் காலையில் தொட்டபோது செடி கையோடு வந்துவிட்டது. வேர் அழுகி, சாக்கடை நாற்றம்.

பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு கிளை வாங்கி நட்டேன். அதற்கும் அதே தொட்டி, அதே செம்பு, அதே கதி.

மாமியார் திரும்பி வந்ததும் ஒளிக்க முடியவில்லை. அழாத குறையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெறும் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "பட்டினி போட்டா பிழைச்சுக்கும்மா இது. தண்ணியில மூழ்கடிச்சா எப்படிப் பிழைக்கும்?" என்றார். பிறகு அவரே மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் அங்கே கொடுத்த கிளை, சுற்றுச்சுவர் ஓரமாகப் புதராக மண்டிக் கிடந்தது. நான் கொன்ற செடி அங்கே உயிரோடு இருந்தது! கொடுத்து வைத்ததால் பிழைத்தது.

இனி, நடும் முறைக்கு வருவோம்.

முற்றிய கட்டைக் கிளையும் வேண்டாம், நுனித் தளிரும் வேண்டாம். பச்சையாக, விறைப்பாக இருக்கும் நடுத்தரக் கிளையில் நான்கிலிருந்து ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். உடனே நட்டுவிடாதீர்கள். வெட்டுவாய் காய அரை நாள் நிழலில் போட்டு வையுங்கள். ஈர வெட்டுவாயோடு ஈர மண்ணில் இறக்கினால் அழுகல் அங்கேயே ஆரம்பித்துவிடும். சிலர் கிளையைத் தண்ணீர்க் கண்ணாடியில் வைத்து வேர்விட்ட பிறகு நடுகிறார்கள். அதுவும் பிழைக்கும், ஆனால் நேரே மண்ணில் வைத்தால்தான் வேர் மண்ணுக்குப் பழகும் என்பது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்.

தொட்டி பத்து அங்குல வாய் இருந்தால் போதும். மண் தொட்டி உத்தமம். பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியோ, வளர்ப்புப் பையோ வைத்தாலும் பாதகமில்லை. அடியில் மூன்று நான்கு ஓட்டை கட்டாயம். ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வையுங்கள். மண் அடைக்காது, தண்ணீர் இறங்கும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. மணல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார்த்தூளைக் கலக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் கலக்கலாம், அதிகம் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு. இந்தச் செடிக்கு வேண்டியது ஈரத்தை விட்டுவிடும் மண்.

இரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, ஒரே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். முதல் சில நாட்கள் கிளை துவண்டாற்போல் தெரியும். கை பரபரக்கும். விடாதீர்கள். இரண்டு, மூன்று வாரத்தில் நுனியில் புதுத் தளிர் தெரிந்தால் கீழே வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்!

பிறகு தண்ணீர். இதற்குக் கணக்கு நாளில் இல்லை, விரலில் இருக்கிறது. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உலர்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும் வரை விட்டு, அதோடு மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம். மார்கழியில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் தொட்டியைக் கூரைக்குள் இழுத்து வைத்துவிடுவோம். வெயிலில் வாடி நிற்கும் கற்பூரவல்லியைக் காப்பாற்றிவிடலாம். அந்தத் தடித்த இலைக்குள் அது தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. அழுகின வேரைக் காப்பாற்றுவதற்கு வழியில்லை. அப்படி ஆகிவிட்டால் வேரைப் பார்த்துப் புலம்பாமல், மேலே நல்லதாக இருக்கும் கிளையை உடனே வெட்டி வேறு தொட்டியில் நட்டுவிடுங்கள். எனக்கு அப்போது இது தெரிந்திருந்தால் மூன்று தெரு நடந்திருக்க வேண்டாம்.

காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் படும் இடம் இதற்குச் சொர்க்கம். கிழக்குப் பார்த்த பால்கனி உள்ளவர்கள் பாக்கியசாலிகள். உச்சி வெயில் முழுவதும் விழும் மொட்டை மாடியில் இலை சிறுத்து மஞ்சளித்துப் போகும், சாகாது. வெயிலே படாத ஜன்னல் மூலையில் தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, சோகை பிடித்தாற்போல் நிற்கும். அப்படி நின்றால் அது வளர்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்; வெளிச்சத்தைத் தேடுகிறது.

இன்னொன்று, கிள்ளுவதற்குத் தயங்காதீர்கள். பல வீடுகளில் செடியைச் சுவாமி மாதிரி வைத்துத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கிளை வரும். கிள்ளாவிட்டால் உயர்ந்து, கட்டையாகி, அடியில் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஆடிப் பட்டத்தில் நல்ல கிளைகளாக எடுத்துப் புதுத் தொட்டியில் நட்டுவிட்டுப் பழையதை விடை கொடுத்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மக்கிய எரு. அதற்கு மேல் ஊட்டினால் இலை பெருக்கும், மணம் குறையும்.

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான். கணு இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். தொட்டியில் எறும்பு சாரை போட்டால் உடனே இலைக்கு அடியில் பாருங்கள். எறும்புக்கும் இதற்கும் சிநேகம். கொஞ்சமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் தீர்ந்தது. நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலக்கி அந்தி நேரத்தில் தெளியுங்கள். தெளித்த பிறகு ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம். பின்னரும் கழுவித்தான் சமையலறைக்குள் விட வேண்டும்.

"கற்பூரவல்லி வைத்தால் கொசு வராதாமே?" என்று ஒரு வாசகி போனில் கேட்டார். தொட்டியில் சும்மா நிற்கும் செடியைக் கண்டு கொசு ஓடாது. போதாக்குறைக்குத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும். தட்டு வைத்திருப்பவர்கள் அவ்வப்போது கொட்டித் தேய்த்துக் கழுவி வையுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. சில வீடுகளில் கற்பூரவல்லி என்று நினைத்து ரணகள்ளியை வளர்க்கிறார்கள். இரண்டுக்கும் தடித்த இலை, இரண்டுக்கும் ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும். வடக்கே இரண்டையும் ஏறத்தாழ ஒரே பெயரால் கூப்பிடுகிறவர்களும் உண்டு. குழப்பம் அங்கிருந்தும் வருகிறது. ரணகள்ளி இலை வழவழப்பாக, பளபளப்பாக இருக்கும். கீழே விழுந்த இலையின் ஓரத்திலிருந்தே குட்டிச் செடிகள் முளைக்கும். கற்பூரவல்லி இலை வெல்வெட்டுத் துணி போல் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். கசக்கி முகர்ந்தால் ஓம வாசனை மூக்கில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது கற்பூரவல்லி அல்ல. ரணகள்ளி இனத்துச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் சத்துக்கள் உண்டு. குழந்தைக்குச் சாறு பிழிவதற்கு முன்னால் இலையை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்பூரவல்லியே அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சமையலுக்கு வருவோம். பஜ்ஜியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழு இலையை மாவில் தோய்த்துப் போட்டு, மழை பெய்யும் சாயந்தரம் சூடாகத் தட்டில் வைத்தால், "எனக்கு இலைக் கஷாயம் வேண்டாம்" என்று ஓடும் என் பெண்கூட நாலு தின்றுவிட்டு ஐந்தாவதற்குக் கை நீட்டுவாள். ரசம் இறக்கும்போது இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தால் அது ஒரு தனி ருசி. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் சொல்லிக் கொடுத்த தம்புளி. பத்துப் பன்னிரண்டு இலையை நறுக்கி, அரைக் கரண்டி நெய்யில் சீரகம், நாலைந்து மிளகோடு நிறம் மாறும் வரை வதக்குங்கள். ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு விழுதாக அரைத்து, ஒரு டம்ளர் கெட்டி மோரில் கலந்து, உப்புப் போட்டுக் கடுகு தாளித்துவிடுங்கள். இதை அடுப்பில் வைக்கக் கூடாது. சூடான சாதத்தில் பிசைந்து சாப்பிட வேண்டும். வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு வேறு குழம்பு வேண்டாம்.

கடைசியாக, இந்தச் செடியை எல்லோரும் எதற்காக வைத்திருக்கிறோமோ அந்த விஷயம். குழந்தைகளின் சளி.

என் மாமியார் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிவதைப் பார்க்க வேண்டும். இடுக்கியில் பிடித்து, தீயில் படாமல், இலை வியர்க்கும் வரை காட்டி, உள்ளங்கையில் வைத்து ஒரு முறுக்கு. நாலு சொட்டுக் கூட விழும், குறைய விழாது. என் பெண்ணுக்குச் சளி பிடித்தால் அந்தச் சாறோ, இரண்டு இலை போட்டுக் கொதிக்க வைத்த கஷாயமோதான் முதல் மருந்து. தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது. பரிசோதனைச் சாலையில் தைமாலும் கார்வக்ராலும் சில கிருமிகளை அடக்குகின்றன என்பது உண்மை. ஆனால் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும் கிருமி வேறு, குழந்தையின் நெஞ்சில் இருப்பது வேறு. சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸினால் வருவது. எதுவும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். அதுவரை குழந்தைக்கு இதமாக இருக்க ஓர் இலை உதவினால் சந்தோஷம்.

போன கார்த்திகையில் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பையனுக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக மூக்கடைப்பு. மூன்றாவது நாள் ராத்திரி, வெளியே அடைமழை, குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்று திணறியது. நாத்தனார் பால்கனிக்கு ஓடி நாலு இலை பறித்து வந்தாள். அடுப்பில் வாட்டினாள். தேன் பாட்டிலைத் திறந்தாள். "அம்மா, நீங்க பிழிஞ்சு கொடுங்க. உங்க கைராசி" என்றாள்.

மாமியார் இலையை வாங்கவில்லை. குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, விளக்கடியில் அதன் நெஞ்சைப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் எண்ணினார். "இது இலைக்கு அடங்கற மூச்சு இல்லடி. வண்டியைக் கூப்பிடு" என்றார்.

அந்த வீட்டில் கற்பூரவல்லியை அவரைவிட நம்பியவர் யாரும் கிடையாது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் சொன்ன மற்ற விஷயங்களை எழுதி வைத்துக்கொண்டேன், உங்களுக்காகவும்தான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. இலைச் சாறோடும் கூடாது, தனியாகவும் கூடாது. சில சமயம் தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, அந்த வயதுக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எந்தச் சாறும் தேவையில்லை. கொதிக்கும் பாத்திரத்தில் இலையைப் போட்டுக் குழந்தையை ஆவி பிடிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். சளியைவிடக் கொதிநீர்ப் புண் கொடியது.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் போனால் அது வேக மூச்சு. அன்றைக்கே காட்டிவிட வேண்டும். நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டுகூட நிற்காதீர்கள். அந்த நேரத்தில் பால்கனிப் பக்கம் போகவே வேண்டாம்.

அந்த ராத்திரி வாட்டிய நாலு இலையும் மறுநாள் வரை அடுப்பு மேடையில் கறுத்துக் கிடந்தன. மாமியார்தான் எடுத்து எறிந்தார். பிறகு வழக்கம் போல் பால்கனிக்குப் போய்ச் செடியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

இப்போது எங்கள் குடியிருப்பில் பதினொரு வீட்டில் அந்த மன்னார்குடிச் செடி இருக்கிறது. வாயிற்காவலர் மனைவி கீழே சுவரோரம் ஒன்று வைத்திருக்கிறாள். அதுதான் எல்லாவற்றிலும் செழிப்பு. யாராவது கதவைத் தட்டி, "மாமி, ஒரு கிளை கொடுங்களேன்" என்றால் மாமியார் மறுப்பதே இல்லை. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். கேட்கும்போது ஒரு கண் என் மேல் இருக்கும்.

"உங்க தொட்டியில ஓட்டை இருக்கா?"